நேராகப் போன குற்றம்

முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி, ஒரு கோழிக்குக்கூடக் கால் நோகாமல் ஓய்வு பெற்ற மனிதரிடம், ஏழு மாதப் பேத்தியை மூன்றரை மணி நேரம் பார்த்துக்கொள்ளும்படி வீட்டில் சொன்னார்கள். வியாழக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து ஒன்று வரை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கலாமா?"

மகள் சிரிக்கவில்லை. அவளுடைய பிரசவ விடுப்பு புதன்கிழமையோடு முடிகிறது. வியாழன் பத்து மணிக்குள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள். குழந்தைகள் காப்பகத்தில் வெள்ளிக்கிழமைதான் இடம் கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை ஏதோ ஒரு கப்பலின் எஞ்சின் அறையில், எந்தக் கடல் என்று அவருக்கே தெரியாத இடத்தில் இருக்கிறார். மனைவிக்கோ அதே வியாழக்கிழமை கண்புரை ஆபரேஷன்.

"ஆபரேஷனைத் தள்ளி வெச்சா என்ன?" என்றார்.

"வெக்கலாம். அதுக்குள்ள உங்க மூஞ்சியே தெரியாமப் போயிடும். அதுவும் ஒரு விதத்துல நிம்மதிதான்" என்றாள் மனைவி. "நான் உங்க பழைய கண்டக்டர்கூட ஆஸ்பத்திரிக்குப் போயிக்கறேன். நீங்க பாப்பாகூட இருங்க."

"நான் உன்கூட வரேன். அவன் இருக்கட்டுமே பாப்பாகூட."

"அவரு தாத்தா இல்ல. நீங்கதான் தாத்தா."

மறுத்துப் பேச வழியில்லாத வாதம். ஆனால் அந்தத் தாத்தா இந்த ஏழு மாதத்தில் பேத்தியை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. இதில் பேத்தி தனியாக மனக்குறைப்பட ஒன்றும் இல்லை. அவர் மகளையும் தூக்கியதில்லை. கொள்கையில் அவ்வளவு உறுதியான மனிதர்.

"புடிக்கலைன்னா வேணாம்ப்பா. எனக்குப் பழகினதுதான்" என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கைவசம் நான்கு நாள் இருந்தது.

அந்தக் கொள்கையின் விதை அவருக்கு ஒன்பது வயதில் விழுந்தது. பள்ளிக்கூட மாடிக்கு இருபத்து மூன்று படிகள். ஒரு நாள் ஏறிக்கொண்டிருந்தபோது, கடைசிப் படியில் வலது கால் படாவிட்டால் அம்மா செத்துப்போவாள் என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார்கள் என்று முகவரி ஒன்றும் இல்லை. வலது காலில் தொடங்கினால் வலது காலில் முடியும் என்கிற கணக்கு அவனுக்குத் தெரியும். ஏறி முடித்தான். "நிச்சயமா வலது காலா?" என்றது நினைப்பு. இறங்கி மறுபடி ஏறினான். "இப்ப பட்டது கால்தான், மனசு எங்கேயோ இருந்துச்சே?" என்றது. மறுபடி இறங்கினான். முழு ஆண்டுத் தேர்வு வருவதற்குள் அவன் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் மேகத்தைத் தொட்டிருக்கலாம். கால் பலத்தைப் பார்த்து உடற்பயிற்சி வாத்தியார் ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தினார். எல்லோருக்கும் முன்னால்தான் ஓடினான். எல்லைக் கோட்டை இடது காலால் தாண்டிவிட்டோமோ என்று சந்தேகம் வந்ததால், திரும்பிப் போய் மறுபடி தாண்டினான். நாலாவது இடம்.

அம்மா எண்பத்தாறு வயது வரை ஆயுசோடு இருந்தார். அந்தப் பெருமையை டாக்டர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பதினைந்து வயதில் படிகள் தாமாகவே விட்டுப்போயின. அதற்காக நோய் சும்மா இருந்துவிடுமா? மீசை அரும்பும் வயசுக்குத் தகுந்த வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டது. காலை வணக்கக் கூட்டத்தில் தலைமை ஆசிரியரைப் பார்த்தாலே மனசுக்குள் ஒரு கெட்ட வார்த்தை எழுந்து நின்றது. பையனுக்கு அவர் மேல் மரியாதைதான். மரியாதை கூடக் கூட வார்த்தையின் தரம் குறைந்துகொண்டே போனது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவர் அறைக்கே போய்விட்டான்.

"சார், மன்னிச்சிடுங்க."

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணலை சார். மனசுக்குள்ள உங்களைத் திட்டிட்டேன்."

"என்னன்னு?"

சொன்னான். அவர் பிரம்பை எடுத்தார். அடி வாங்கியதும் மனசு துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி ஆனது. அந்தச் சுகம் மறுநாள் காலை வணக்கம் வரை தாங்கியது. மறுநாள் புது வார்த்தையோடு போனான். மூன்றாவது வாரம் தலைமை ஆசிரியருக்குக் கை ஓய்ந்து, ஆர்வம் பிறந்துவிட்டது. "உக்காரு. இன்னிக்கு என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார். காய்ச்சலில் பையன் இரண்டு நாள் வராமல் போனதற்கு வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்தார். பள்ளியை விட்டுப் போகும்போது, "தன் மனத்தில் உள்ளதை மறைக்காதவன்" என்று நடத்தைச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தார். பல வருடம் கழித்து அதைக் காட்டித்தான் பேருந்து நிறுவனத்தில் வேலை கிடைத்தது.

அங்கேதான் நோய்க்கு ஸ்டியரிங் கிடைத்தது.

பதினாலாம் எண் தடம். ஒரு பக்கம் சிமெண்ட் ஆலை, ஒரு பக்கம் வாய்க்கால். வேலைக்குச் சேர்ந்த ஏழாம் நாள், ஆலை வளைவில் பின் சக்கரம் ஒரு குழியில் இறங்கி 'தொம்' என்றது. கண்ணாடியில் பார்த்தார், சாலை காலியாக இருந்தது. ஆளாக இருந்து, வாய்க்காலுக்குள் உருண்டு போயிருந்தால்? அடுத்த ரவுண்டானாவில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்த வழியே விட்டார். குழி மட்டும் இருந்தது. மனசு ஆறி மறுபடி திருப்பினால் புதுச் சந்தேகம்: இப்போது பார்க்க வந்த வழியில் யாரையாவது இடித்திருந்தால்?

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அண்ணே, என்ன, வண்டி செக்கு மாடா?"

"சத்தம் கேட்டுச்சுடா."

"குழிண்ணே அது. வண்டியை விட வயசுல மூத்த குழி."

"நிச்சயமா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியமா."

"உனக்குக் கல்யாணமே ஆகலையே?"

பின் சீட்டிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். "டிரைவர் தம்பி, எங்க ஸ்டாப்பு முன்னாடி இருக்கு. நீங்க பின்னாடி போறீங்க!"

"ஒரு டிக்கெட்டுல ரெண்டு தடவை ஊரைச் சுத்திக் காட்டறோம், உக்காருங்கம்மா" என்றார் கண்டக்டர்.

அன்றிலிருந்து அவருக்கு 'ரிட்டன் அண்ணன்' என்று பெயர் விழுந்தது. ஜனங்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பதினாலாம் எண்ணைத் தவறவிட்டால் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். "போகட்டும், திரும்பி வரும்" என்று நிழலில் நின்று சாவகாசமாகத் தலை வாரினார்கள். ஆலைக்காரர்கள் கூடுதலாக ஒரு டீ குடித்தார்கள். மற்ற வண்டிகள் காலியாக ஓட, இவருடைய வண்டியில் படியில் தொங்கினார்கள். டெப்போ மேனேஜர் வரைபடம் போட்டுப் பார்த்து வியந்து, ஆலை வளைவு வரை திரும்பி வருவதைக் கால அட்டவணையிலேயே சேர்த்து அச்சடித்துவிட்டார். உலகத்தில் ஒருத்தருடைய மனநோய்க்கு நேரம் போட்டுப் பலகை வைத்த நிறுவனம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நாலு வருடம் இப்படி ஓடியது. பிறகு மகள் பிறந்தாள்.

பத்தாம் நாள் மொட்டை மாடியில் வெயில் காட்டுவதற்காக மனைவி குழந்தையை அவர் பக்கம் நீட்டினாள். கை நீட்டப் போனவருக்குக் கைப்பிடிச் சுவர் கண்ணில் பட்டது. 'இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டால்?' என்று ஒரு நினைப்பு. நினைப்போடு படமும் வந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படியிறங்கினார். சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனால், அங்கே கத்தி. அதற்கும் ஒரு படம் தயாராக இருந்தது.

பெற்ற குழந்தையைப் பற்றி இப்படி நினைப்பவன் மனிதனா? இந்தப் பெரிய விசாரணை வந்த பிறகு வாய்க்கால், குழி எல்லாம் சில்லறை வழக்காகிவிட்டன. மறுநாள் ஆலை வளைவில் 'தொம்' என்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய்விட்டார். நிழலில் தலை வாரிக்கொண்டிருந்த நாற்பத்திரண்டு பேர் அப்படியே நின்றார்கள். சாயங்காலம் மனு வந்தது: 'ஓட்டுநர் பொறுப்பில்லாமல் நேராகச் சென்றுவிட்டார்.' விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். 'குடும்ப விஷயமாக மனம் வேறு இடத்தில் இருந்தது' என்று எழுதிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் எழுதியதிலேயே மிகத் துல்லியமான வாக்கியம் அது.

மனைவியிடம் மட்டும் சொன்னார். மறுநாள் அவள் கத்தியைத் தையல் இயந்திரத்தின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் காய்கறிகள் கையால் ஒடிக்கப்பட்டன. பூசணிக்காயைத் தரையில் போட்டு உடைத்தாள். மகள் இதை அம்மாவின் கைப்பக்குவம் என்று நம்பி, மாமியார் வீட்டுக்குப் போன முதல் நாளே பூசணிக்காயை நடுக்கூடத்தில் போட்டு உடைத்துப் பெயர் வாங்கினாள்.

பகலில் பத்துத் தடவையாவது, "நான் கெட்டவன் இல்லையே?" என்று மனைவியிடம் கேட்பார். "இல்லை" என்பாள். "யோசிச்சுச் சொல்லு" என்பார். "யோசிச்சுத்தான் சொல்றேன்" என்பாள். மற்ற தம்பதிகள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

மகள் பெரியவளாகிக் கல்யாணம் கட்டிக்கொண்டு போன பிறகு, அந்தப் படங்கள் திரையை விட்டுப் போயின. ஓய்வு பெற்ற பிறகு காஸ் அடுப்பு, குழாய், வாசல் தாழ்ப்பாள் என்று வயசான காலத்துக்கு ஏற்ற சில்லறை வேலைகளைப் பார்த்துக்கொண்டு நோயும் அவரோடு ஓய்வாகத்தான் இருந்தது. பேத்தி பிறந்ததும் பழைய படங்கள் அப்படியே திரும்பி வந்தன. பிரசவ வார்டில் நர்ஸ், "தாத்தா, கையை நீட்டுங்க" என்றாள். தாத்தா நாலு மாடியைப் படிக்கட்டு வழியாகவே இறங்கி, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகுதான் மனைவி அவரை மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். படிக்கட்டிலிருந்து பேத்தி வரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்குப் பேரு ஓ.சி.டி., எண்ணச் சுழற்சி நோய்னு சொல்லுவோம்" என்றார். "நூறு பேர்ல ஒருத்தர், ரெண்டு பேருக்கு இருக்கும். வயசுக்கு ஒரு சட்டை மாத்திக்கிட்டு வரும். ஆள் ஒண்ணுதான்."

அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அம்பது வருடத்துக்கு மேல் உலகத்திலேயே தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக் கட்டிக் காத்தது, தெருவுக்கு நாலு பேரிடம் இருக்கிறதாம்.

"அப்ப நான் பாப்பாவை ஒண்ணும் பண்ண மாட்டேன்ல டாக்டர்?"

"அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா, நிச்சயமான்னு கேப்பீங்க."

"கேக்க மாட்டேன்."

"நிச்சயமா?"

அவர் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"பஸ் வரும்போது முன்னாடி குதிச்சா என்னன்னு எனக்கும்தான் தோணும். அது பாட்டுக்கு வந்துட்டுப் போயிடும். நீங்க அதை உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்து விசாரிக்கறீங்க" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை தரேன். ஆனா வேலை உங்களோடது. நினைப்பு வந்தா விரட்டாதீங்க, விசாரிக்காதீங்க. 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது'ன்னு விட்டுட்டு, செய்யற வேலையைச் செய்யுங்க. அம்மா, இவரு கேட்டா நீங்களும் பதில் சொல்லாதீங்க."

வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் அதை எழுதினார். கையெழுத்து சரியில்லை என்று கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். பயிற்சியைச் சரியாகச் செய்கிறோமா என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். மனைவியோ, பதில் சொல்லக் கூடாது என்றதும் என்ன பேசுவதென்று தெரியாமல் ஒரு வாரம் தவித்து, கடைசியில் "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று ஆரம்பித்தாள். அதுதான் அவர்களுடைய முதல் சாதாரணப் பேச்சு. அஞ்சு மாதத்தில் தாழ்ப்பாளையும் அடுப்பையும் ஒரு தடவையோடு விட்டுவிட்டார். பேத்தியிடம் மட்டும் நெருங்கவில்லை. அதனால்தான் மனைவி தன் கண் ஆபரேஷனை அந்த வியாழக்கிழமையாகப் பார்த்து வாங்கி வந்தாள். கண்தான் மங்கல், ஆள் மங்கல் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் மகள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"உன்னைத் தூக்காதது புடிக்காம இல்லம்மா."

"தெரியும். டியூட்டி."

"டியூட்டி இல்ல. மாடியிலேர்ந்து உன்னைக் கீழ போட்டுடுவேனோன்னு தோணும். கத்தியைப் பாத்தா... குத்திடுவேனோன்னு தோணும். இப்ப இவளைப் பாத்தாலும் அப்படித்தான்."

மகளின் கை நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த நிமிடமே புறப்பட்டுவிடுவாள் என்று அவர் தயாராக இருந்தார். ஒரு விதத்தில் அதுவே சௌகரியம்.

"என்னை என்னிக்காவது கிள்ளியிருக்கீங்களா?"

"சேச்சே!"

"அப்ப எதை வெச்சுக் கொலைகாரன்னு முடிவு பண்ணீங்க?"

"முடிவு பண்ணலம்மா. இல்லைன்னு முடிவு பண்ண முடியலை."

அவள் கையிலிருந்த துணியை அவர் மடியில் எறிந்தாள். "பையன் வேணும்னு இருந்திருப்பீங்கன்னு நெனச்சேன். நான் அழகா இல்லைன்னு நெனச்சேன். எட்டாவது படிக்கறப்ப ஒரு நோட்டுல பதினோரு காரணம் எழுதி வெச்சிருந்தேன்ப்பா. இது அதுல இல்லவே இல்ல!" மூக்கை உறிஞ்சினாள். "பூசணிக்காய்கூட இதனாலதானா?"

"ம்."

"அந்த வீட்டுல இன்னிக்கும் என்னை ரௌடிங்கறாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பதினொரு மணிக்கு ஆப்பிள் வெட்டி, வேக வெச்சு, மசிச்சுக் குடுக்கணும். கத்தியை மேடை மேலயே வெச்சுட்டுப் போறேன்."

"யோசிச்சுச் சொல்றியா?"

"இல்லப்பா. யோசிக்காமத்தான் சொல்றேன்."

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு வாசல் கதவு சாத்தப்பட்டது. குழந்தை பாயில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அவர் சுவரோரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். போலீஸ்காரர் கைது செய்ய வந்தால் விலங்கு போட வசதியாக இருக்கும். படங்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. பத்து மணிக்குப் போன் அடித்தது.

"அண்ணே, அண்ணியை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார் கண்டக்டர். "பேத்தி உயிரோட இருக்காளா?"

"இதுவரைக்கும்."

"சந்தோஷம். நீங்க?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் குழந்தை பக்கவாட்டில் சாய்ந்து, பாயைத் தாண்டி, தலையைத் தரையில் 'தொம்' என்று மோதிக்கொண்டது. ஒரு கணம் மூச்சு நின்று, பிறகு வீடே இடிவது போல அலறியது.

போன் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. குழந்தை எப்படித் தோளுக்கு வந்தது என்றும் தெரியாது. "நிச்சயமா நீ இவளை ஒண்ணும் பண்ண மாட்டியா?" என்று நினைப்பு காதுக்குள் கேட்டது. "தெரியலை, இரு, பாப்பா அழறா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, தலையைத் தடவித் தடவிக் கூடத்தை அளந்தார். அழுகை ஓய்ந்ததும் அவள் அவருடைய கண்ணாடியைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆப்பிள் நேரமும் வந்தது. அவளைத் தடுப்பு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். முப்பது வருடத்துக்குப் பிறகு கையில் கத்தி. எந்தப் படம் வர வேண்டுமோ அது முழு நீளத்துக்கு வந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு அவர் தோல் சீவினார். தோலோடு பாதிப் பழமும் போயிற்று. பிறகு அவள் முதல் கரண்டியை அவர் சட்டையிலும் இரண்டாவதைச் சுவரிலும் துப்பினாள். துணியை நனைத்தாள். மாற்றிய துணியையும் நனைத்தாள். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவனுக்குக் கொலை செய்ய நேரமே கிடைக்காது என்பதை எந்தப் புத்தகத்திலும் ஏனோ எழுதவில்லை.

படங்கள் நின்றுவிட்டன என்று சொன்னால் அது கதையாகிவிடும். சின்ன ஊர் சினிமாக் கொட்டகைப் படம் போல அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தன. பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மகள் பூட்டைத் திறந்தாள். அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டையெல்லாம் ஆப்பிள். அவர் நெஞ்சின் மேல் குழந்தை வாய் திறந்து தூங்கியது. ஒரு மணி நேரமாக அவர் அசையவில்லை. இடது கை மரத்துப்போய் வேறு யாருடையதோ மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்றார் கிசுகிசுப்பாக.

"போட்டாச்சு. குடுங்க, பாயில போடறேன்."

"இப்பத்தான் தூக்கியிருக்கேன். அவசரப்படுத்தாத."

மகள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இவ்வளவு கனமா இருக்காளே" என்றார். "நீயும் இப்படித்தான் கனமா இருந்தியா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? தூக்கினவங்களைத்தான் கேக்கணும்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பிறகு, குழந்தையின் கால் படாத பக்கமாகப் பார்த்து, அவருடைய முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மரத்துப்போன அந்த இடது கையை, வலது கையால் பிடித்துத் தூக்கி, அவர் அவளுடைய தலை மேல் வைத்தார்.